பால்கனிக்கு ஒதுங்கிய விருந்தினர்

சென்ற ஞாயிறன்று காக்ஸ் டவுனில் ஒரு புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் என் நண்பர் சபாபதி. மராமத்து இலாகாவில் என்ஜினீயர். மாடிக் கூடத்துக்கு அடியில் ஒரு தூண்கூட இல்லாமல் கான்கிரீட்டில் எழுப்பியிருந்தார். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்த ஒரு கணக்கிலிருந்து.

மிக எளிதாம். உத்திரங்களின் முனைகளையெல்லாம் மனத்தால் பூட்டிவிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அங்கே மிஞ்சும் வளைக்கும் விசையைப் பக்கத்து உத்திரங்களுக்குப் பங்கிட்டால், அதில் பாதி அடுத்த முனைக்குப் போய் அங்குள்ள அமைதியைக் கெடுக்கும். மறுபடி பங்கீடு, மறுபடி பாதி... மிச்சம் அற்பமாகும் வரையில்.

கூட்டுக் குடும்பத்தில் வாழ்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

சபாபதியின் மாமனார் தாமோதர முதலியார், இரும்பு உத்திரங்களை நம்பியே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். கூடத்துக்குள் வந்ததும் கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"கீழே நடுவிலே தூண் எங்கே, மாப்பிள்ளை?"

"கணக்குப்படி தேவைப்படல்லே, மாமா."

"கணக்குமேலே உட்கார்ந்து யாரும் சாப்பிட்டதில்லையே."

இது போதாதா? இலை போடுவதற்குள் விருந்தினர் அனைவரும், காற்று வாங்கும் பாவனையில், ஒவ்வொருவராக நழுவினார்கள் — பால்கனிக்கு.

"நடுவிலேயா? பேடப்பா, வேண்டாம்... இங்கே காத்து சொகசா இருக்கு" என்று என்னையும் இழுத்தார் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார உபாத்தியாயர்.

சபாபதியின் முகம் வெளுத்தது. கூடம் ஒரு கல்யாணக் கூட்டத்தையே தாங்கும். அடியில் பிடிமானமின்றி வெளியே நீண்டிருந்த பால்கனியோ, நான்கு பேர் நின்று காபி குடிப்பதற்காகப் போட்டது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பால்கனி போகும்.

அவர் மனைவி லோகாம்பாள் கணவரின் முகத்தைப் பார்த்தாள், பால்கனியையும் பார்த்தாள். கூடத்தின் நட்டநடுவில் மளமளவென்று இலைகளை விரித்தாள்.

"பாயசம் ஆறிப்போகுது. முதல் பந்திக்கு இவ்வளவு இலைதான்; வர்றவங்க வாங்க."

பால்கனி காலியாயிற்று. ஆனால், நடு இலையில் முதலியார் முன்பே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க காத்து வாங்கப் போகலியா, மாமா?" என்றார் சபாபதி, மூச்சு திரும்பியவராய்.

"உங்க கணக்கை நான் நம்பலை, மாப்பிள்ளை. அந்தப் பால்கனியை அதைவிட நம்பலை."

அவராவது யோசித்து நம்பாதவர். மற்றவர்கள் கணக்கையும் நம்பவில்லை. தங்கள் சந்தேகத்தையும் நம்பவில்லை... பாயசத்தை நம்பினார்கள்.