கரைவலைக்கு ஒரு ஹெவி மெட்டல் அல்பம்

ஹெவி மெட்டல் கேட்டுப் பழக்கமில்லாத ஒருவருக்கு முதன்முதலாக எந்த அல்பத்தைக் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், நான் உடனே பதில் சொல்வதில்லை. நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பிழை விட்டுப் பிழை விட்டுக் கற்றுக்கொண்ட கேள்வி அது.

கண்டக்குழி என்கிற கடற்கரை ஊரின் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். உப்புத் தண்ணீர் உள்ளே போவதுதான் எங்கள் ஊர் போன்களுக்கு வருகிற முதல் வருத்தம்; நோயை நாங்கள் வருத்தம் என்போம். நாட்டில் சண்டை முடிந்து, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடலோட வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியபோது அவர்களுடைய போன்களும் என் மேசைக்கு வந்தன. அப்படி வந்த ஒருவர், செத்த போன் உயிர்த்த சந்தோஷத்தில், தன் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பாட்டையெல்லாம் என் கம்பியூட்டரில் இறக்கித் தந்துவிட்டுப் போனார். அத்தனையும் ஹெவி மெட்டல். முதல் வாரம் என் ஸ்பீக்கர்தான் கிழிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், கிட்டாரும் டிரம்மும் ஒன்றாக விழுந்து ஒன்றாக நின்ற ஓர் இடத்தில், என் நெஞ்சுக்குள் நெடுநாளாக நின்றுகொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல உட்கார்ந்தது. சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, சின்ன வயதில் ஒரு பையோடு வந்தவன் நான். சத்தமாகச் சொல்லப்படாத விஷயங்கள் எங்கள் வீட்டில் நிறைய இருந்தன. எங்கோ இருக்கிற ஒருவன் எனக்காகச் சத்தம் போடுகிறான் என்று பட்டது.

நல்லது ஒன்று கிடைத்தால் தனியாக வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. பாட்டு ஏற்ற மெமரி சிப் கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு அல்பத்தைச் சேர்த்துப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் வந்து சொன்னவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்துத் தையற்காரர், "ஐஸ் உடைக்கிற மெஷினுக்குள்ள பூனை விழுந்த மாதிரி இருக்கு தம்பி" என்றார். மாம்புரியில் பீட்ரூட் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர், கழுதைகளை விரட்டப் போட்டுப் பார்த்தாராம். "கழுதை ஓடல்ல. நாய்தான் ஊட்ட உட்டுப் போயிட்டு." எத்தாளையிலிருந்து சார்ஜர் வாங்க வந்த ஒரு தாத்தா பாட்டை நின்று முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டுக் கவலையோடு விசாரித்தார்: "பாவம், இவனுக்கு என்ன வருத்தம்? ஆருக்கிட்டயாச்சும் காட்டினானா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த நானா கடைக்கு வந்தார். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

அவரை இந்தக் கரையில் தெரியாதவர்கள் இல்லை. கரைவலை இழுக்கும்போது அம்பா என்கிற தாளப் பாட்டைப் பாடுகிறவர் அவர். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இடையில், இரண்டு கை விரித்த அளவு ஒரு பாகம் என்றால், நூறு பாகம் தூரம் இருக்கும். நடுவில் நின்று அவர் ஒரு வரி சொன்னால், இரண்டு பக்கமும் பதில் சொல்லிக்கொண்டு ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் வைக்கும். ஒரு பக்கம் முந்திவிட்டால் வலை சரியும், மீன் போய்விடும். பைப்போல இருக்கிற வலையின் மடி கரைக்கு வருகிறவரை, இரண்டு மூன்று மணித்தியாலம், அந்தக் குரல் நிற்காது.

அன்றைக்கு அந்தக் குரல் இல்லை. கழுத்தில் ஒரு சால்வை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, மெல்லிய சத்தத்தில் சொன்னார்.

"தொண்டைல ஒபரேஷன் செஞ்ச. மூணு மாசத்துக்குச் சத்தம் எழுப்பக் கூடாதாம். மெல்லக் கதைக்கலாம், அவ்வளவுதான்."

"அப்ப அம்பா?"

"அதுக்குத்தான் வந்தன். சம்மாட்டி வேற கரைல இருந்து ஒருத்தனக் கொண்டு வரப் போறாராம்." சம்மாட்டி என்றால் வலைக்குச் சொந்தக்காரர். "ஒருத்தன் வந்து நிண்டா பொறகு போக மாட்டான், தம்பி. எனக்குக் கயிறு இழுக்க இடுப்பும் இல்ல. மூணு மாசம் தாக்குப் பிடிக்க ஒரு பாட்டு வேணும்."

அவருடைய அம்பாவையே போட்டால் என்ன என்று கேட்டேன். ஒரு வெள்ளைக்காரர் எடுத்த வீடியோ இருந்தது. போட்டுப் பார்த்தோம். அதில் காற்றுதான் பாடியது. சினிமாப் பாட்டு ஏற்கனவே பார்த்தாயிற்றாம். "அதுல நடுவுல நிண்டு அழுறாங்க. எங்கட ஆக்கள் கயித்தப் புடிச்சிக்கிட்டு அழுறத கேட்டுக்கிட்டு நிக்கிறானுகள்."

எனக்கு வேறு யோசனையே வரவில்லை. ஹெவி மெட்டல்தான். நான் செய்த பிழை, எனக்கு ஆகவும் பிடித்த அல்பத்தைக் கொடுத்தது. வேகமான அல்பம். பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றையும் கொடுத்துவிட்டு, நாளைக்கு ஊரே என்னைப் புகழப் போகிறது என்று இருந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு, உடம்பெல்லாம் மணலோடு இரண்டு பேர் கடை வாசலில் நின்றார்கள்.

"அடோ, நீயா அந்தப் பாட்டுத் தந்த?" என்றார் சிலாபத்துப் பக்கத்திலிருந்து வந்து கயிறு இழுக்கிறவர். "எங்களுக்குப் பின்னால பொலிஸ் வாற மாதிரி ஓடினோம் மச்சான். ஓடி ஓடிப் போறோம், திடீரெண்டு பாட்டு நிண்டுட்டு! வடக்குக் கயிறு முழுக்க மல்லாக்க விழுந்தாச்சு."

"தெக்குக் கயிறு?" என்றேன்.

"அவங்க எங்களப் பாத்துச் சிரிச்சு விழுந்தாங்க," என்றார் மற்றவர்.

வலை சரிந்து வந்தது. மடியில் பேருக்குக் கொஞ்சம் சாளை மீன். சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அதற்குப் பிறகு புது ஆள்தான் என்று சம்மாட்டி சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் விடிந்ததும் நான் கடையைத் திறக்காமல் கரைக்குப் போய், பாட்டில்லாமல் தடுமாறி இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தேன். கால் பின்னால் போகிறது, குதிகால் மணலில் இறங்குகிறது, முதுகு சாய்கிறது, மூச்சு வெளியே வருகிறது. பிறகுதான் அடுத்த கால். அந்த மூச்சுக்கு இடம் விடாத பாட்டு எதுவும் அவர்களுக்கு உதவாது. இதைப் பாராமலே நான் அல்பம் சிபாரிசு செய்திருக்கிறேன்.

வீட்டில் இரண்டு நாள் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, அலுமாரியிலிருந்து வாசல் வரைக்கும் பின்னால் பின்னால் நடந்தேன். ஒரு அல்பத்துக்கு ஒரு நடை. மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது? ஓதிப் பாக்க ஆரயாச்சும் கூட்டி வரவா?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப அரிசிச் சாக்க இழுத்துக்கிட்டு நடங்க. வெறுங்கையோட நடந்தா என்ன தெரியும்?" என்றாள். இருபத்தைந்து கிலோ சாக்கு. அவள் சொன்னதுதான் சரி. சாக்கை இழுத்தபோது நான் நல்லது என்று ஒதுக்கி வைத்திருந்த நாலு அல்பமும் தோற்றுப் போயின.

நின்றது ஒன்றுதான். அதுவரை எனக்கு அலுப்பாக இருந்த அல்பம் அது. ஆமை வேகம். கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அடித்தொண்டையில் உறுமும். டிரம் ஒரு அடி அடித்துவிட்டு, அடுத்த அடிக்கு முன் யோசிப்பதுபோல நிற்கும். பாடுகிறவனும் ஒரு வரி சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருப்பான். அந்த இடைவெளிகளுக்குள் என் மூச்சு போய்ப் பொருந்தியது. சாக்கு வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிந்ததும் நானாவின் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய வலது கால் தானாகப் பின்னால் போய் ஊன்றியது. கண்ணைத் திறந்தார்.

"இவன் கயிறு புடிச்சவன், தம்பி" என்றார்.

அன்றைக்கு இரண்டு கயிறும் ஒரே நேரத்தில் கரையேறின. ஒரு வலைக்கு அந்த அல்பம் மூன்று தரம் ஓடும். முதல் நாள் சிரித்துக்கொண்டு இழுத்தவர்கள், ஒரு வாரத்தில் பாடுகிறவனின் இடைவெளிகளில் தங்கள் பதிலைப் போடத் தொடங்கினார்கள். அவனுக்கு ‘அடித்தொண்டை மச்சான்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். "அடித்தொண்டை மச்சான் வந்துட்டாரா? அப்ப கயித்தப் புடிங்க" என்று காலையில் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கரைக்கே ஹெவி மெட்டல் பழக்கிவிட்டேன் அல்லவா.

மூன்றாம் வாரம் சம்மாட்டி சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "பெட்டி நல்லா இழுக்குதே. இனி புது ஆளும் வேணாம், பழைய ஆளும் வேணாம் போல."

எல்லாரும் சிரித்தார்கள். நானாவும் சிரித்தாராம். ஆனால் அன்று பின்னேரம் என் கடைக்கு வந்து, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் உட்கார்ந்திருந்தார். எழும்பும்போது சொன்னார்: "நீங்க நல்ல பாட்டுத்தான் தந்தீங்க தம்பி." அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மறித்து நிறுத்தினேன். "நானா, சிப் பழுதாப் போச்செண்டு சொல்லி வேற ஒண்டப் போட்டுத் தாறன். வேகமானது. ரெண்டு நாள் விழுந்தா, ஆள் வேணுமெண்டு அவங்களே கேப்பாங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. "வேணாம். ஆக்களுக்கு இப்ப இழுக்க லேசா இருக்கு. என்ட இடத்துக்காக அவங்கட இடுப்ப உடைக்கிறதா?"

அடுத்த வாரம் ஸ்பீக்கர் பெட்டியின் வயர் ஒன்று விட்டுப் போக, திருத்திக் கொடுக்கக் கரைக்குப் போனேன். அன்று வலையை நேரம் பிந்திப் போட்டார்கள். வலை பாதித் தூரம் வந்துகொண்டிருந்தபோது பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கான ளுஹர் பாங்கு சொன்னார்கள்.

பாங்கு சொன்னால் பாட்டை நிறுத்துவது எங்கள் வழக்கம். அந்தக் கூட்டத்தில் உடப்பு ஊர் இந்துக்களும், வேதக்காரர்கள் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் அந்த நேரத்தில் வாய் திறக்க மாட்டார்கள். முந்தி ஒரு மாதம் விடியப்புறமே வலை போட்டதால், பெட்டி வந்த பிறகு பாங்கு நேரத்தில் கயிறு கையில் இருந்ததில்லை. யாரோ ஓடிப்போய்ப் பெட்டியை நிறுத்தினார்கள்.

ஆனால் வலையை நிறுத்த முடியாது. நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. சத்தம் நின்றதும் வடக்குக் கயிற்றுக்காரர்கள் தயங்கினார்கள். தெற்குக் கயிறு தன்பாட்டில் நாலடி போய்விட்டது. வலையின் மிதப்புகள் வரிசை கோணி, ஒரு பக்கமாக வளைவதை நானே கண்டேன். கத்திச் சொல்லவும் முடியாது. சம்மாட்டி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அப்போது நானா கழுத்திலிருந்த சால்வையை எடுத்தார். நடுவில் வந்து நின்று, அதைத் தெற்குப் பக்கம் தாழ்த்திப் பிடித்தார். தெற்குக் கயிறு நின்றது. வடக்குப் பக்கம் உயர்த்தினார். அவர்கள் ஓரடி வைத்தார்கள். இன்னொரு அடி. இன்னும் ஒன்று. அவர் மனிதரைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க மிதப்பில் இருந்தது. பாங்கு முடிகிற நேரம் மிதப்புகள் நேராகிவிட்டன. அதற்குப் பிறகும் யாரும் பெட்டியைப் போடவில்லை. சால்வை ஏறி இறங்க, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க, கொஞ்ச நேரம் அப்படியே இழுத்தார்கள்.

பிறகு விசாரித்தபோது சிலாபத்துக்காரர் சொன்னார்: "முந்தியும் பாங்கு நேரம் அப்படித்தானே. அவர் வாய மூடுவாரு, சால்வ கதைக்கும். நாங்க பாட்டத்தான் கேட்டுக்கிட்டு இருந்ததெண்டு நெனச்சிட்டோம்." நானாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். தன்னிடம் இருந்தது தொண்டை மட்டும்தான் என்று.

மடியைக் கரையேற்றிய பிறகு சம்மாட்டி, பெட்டிக்குப் பாட்டு விடுகிற போன் மணலில் கிடந்ததை எடுத்து, துடைத்து, நானாவிடம் நீட்டினார். "நீங்களே வெச்சிக்கங்க. எங்க நிப்பாட்டணும், எங்க போடணுமெண்டு இந்தப் பெட்டிக்கு என்ன தெரியும்?" அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை அவர்.

அதற்குப் பிறகு அந்த அல்பம் ஒரே வரிசையில் ஓடவில்லை. நீரோட்டம் கனத்த நாளில் ஆகவும் மெதுவான நாலாவது பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். கடல் லேசாக இருந்தால் இரண்டாவது. இடையில் பெருவிரலால் நிறுத்தி, மிதப்பைப் பார்த்துவிட்டு மறுபடி விடுவார். நான் வருடக்கணக்காகக் கேட்ட அல்பம். அதற்குள் இத்தனை விதமான வேகம் இருக்கிறது என்று அவர் கையில்தான் கண்டேன்.

மூன்று மாதம் முடிந்தது. மெல்லப் பாடிப் பார்க்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போய்த் தெற்குக் கயிற்றின் வாலில் பிடித்தேன். முக்கால்வாசித் தூரம் அடித்தொண்டை மச்சான்தான் இழுத்தார். மடி கிட்ட வரவர இரண்டு கயிற்றையும் நெருக்கிக் கொண்டு வருவார்கள். இரண்டு கூட்டமும் பத்தடி தூரத்துக்கு வந்தபோது நானா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

முதல் வரி வந்தது. பழைய குரல் இல்லை. மெலிந்து, நடுவில் கீறல் விழுந்து, அலைச் சத்தத்துக்குள் பாதி போய்விட்டது. கடைசியில் நின்ற எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கிட்ட நின்றவர்களுக்குக் கேட்டது. அவர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டது. அது அப்படியே கயிற்றோடு பின்னால் வந்து என்னிடம் சேர்ந்தபோது, நானும் பதில் சொல்லிக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தேன்.