குரங்குக்குக் கிடைத்த தமிழ்

மிருகக்காட்சி சாலையை விட்டு வெளியே வந்து ரயிலடியை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். உள்ளே போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அப்பா, இப்போது இரண்டு கைகளையும் கோட்டுப் பையில் போட்டிருந்தார். நான் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பசித்தது. சொல்லவில்லை. தனியாகப் போகிறவர்போல அவர் நடந்தார்.

ஊர் பாரீஸ். அப்போது எனக்கு ஒன்பது வயது. பிறகு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூர், சூரத், மஸ்கட் என்று போய்க்கொண்டே இருக்கிறேன். கிடைத்த வேலையைச் செய்து, கண்ட இடத்தில் படுத்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே மிருகக்காட்சி சாலை இருக்கிறதா என்று விசாரிப்பேன். அந்த ஒரு நாளால் வந்த பழக்கம் அது.

எங்கள் வீடு புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில் இருந்தது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் தெருவில் எங்களுக்குச் சொல்தா வீடு என்று பெயர். பென்ஷன் தாத்தாவோடு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. அப்பா வேலை பார்த்த மில்லை மூடியதும், தாத்தா வழியில் வந்த பிரெஞ்சு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அவர் பாரீஸுக்கு விமானம் ஏறினார். அப்போது எனக்கு நாலு வயது. சொல்தா வீட்டில் கஷ்டம் இருக்கும் என்று தெருவில் யாரும் நம்பமாட்டார்கள். நம்பும்படி அம்மாவும் நடந்துகொள்ளமாட்டாள். உழவர்கரைப் பக்கம் ஒரு சோப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டு, தையல் பழகப் போவதாகத் தெருவில் சொல்லிவைத்திருந்தாள். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட அக்காவும் அவளோடு தையல் பழகப் போனாள். அப்பாவிடம் போனில் அம்மா சொல்வது ஒன்றுதான்: ஒரு குறையும் இல்லை. அப்பா என்னிடம் சொல்வதும் ஒன்றுதான்: நல்லாப் படி, கார்டு தீரப்போவுது.

அந்தக் கோடையில் பாரீஸில் குடியிருந்த அத்தை ஊருக்கு வந்து, திரும்பும்போது என்னையும் ஒரு மாதத்துக்கு அழைத்துப் போனாள். என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட அப்பா வரவேண்டும் என்பது அம்மாவின் திட்டம். பஸ் ஸ்டாண்டில் என் ஸ்வெட்டருக்குப் பித்தான் போட்டபடியே சொன்னாள்.

“அப்பாவக் கையோட இட்டுகினு வா. இங்க நடக்கறதப் பத்தி மட்டும் வாயத் தொறந்த, அவ்ளோதான்.”

அப்பா அத்தை வீட்டுக் கூடத்தில்தான் படுத்திருந்தார். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓட்டல் மூடி இரண்டு மாதம் ஆகியிருந்தது. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் புளிச்சோறு கட்டிக்கொண்டு என்னை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போனார். வாசலில் காவல்காரர் தெரிந்தவர்போல அப்பாவுக்கு வணக்கம் சொன்னார். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எதன் முன்னாலும் அப்பா நிற்கவில்லை. நேராக ஒரு குரங்குக் கூண்டுக்குப் போனார். கருத்த குரங்கு, முகத்தைச் சுற்றி நரைத்த தாடி.

பக்கத்துப் பலகையில் இந்தியப் படம் வரைந்து, அந்தக் குரங்கு வாழும் மேற்கு மலைகளில் பச்சை பூசியிருந்தார்கள். அப்பா விரலைக் கிழக்கே நகர்த்திக் கடலோரத்தில் வைத்தார்.

“இங்கதான் நம்ம வூடு.”

அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து தகரம் தெரிந்தது.

பிறகு குரங்கைப் பார்த்து, “இன்னாடா, சாப்ட்டியா? ராத்திரி குளுருச்சா?” என்றார்.

அது கம்பியோரம் வந்து உட்கார்ந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. குளிருகிறதா என்று போனில் என்னை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. புதுச்சேரியில் குளிராது என்பது அப்போது தோன்றவில்லை.

“இதுக்குத் தமிழ் தெரியுமாப்பா?”

“நம்ம பக்கத்து ஆளுடா. நான் பேசறத இவன் ஒருத்தன்தான் குறுக்கப் பேசாம கேக்கறான். உங்க அத்த எங்க கேக்கறா?”

“அப்பா, நீ ஊருக்கு வரியா?”

“வரேன்டா. உன்ன வுட்டுட்டு அங்கியே இருந்துடப் போறேன். இவன்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை. அதனாலேயே பயம் வந்தது. அவர் மனது மாறிவிடக்கூடாதே என்று, என்னிடம் இருந்ததிலேயே பெரிய காரணத்தை எடுத்து வைத்தேன்.

“கண்டிப்பா வாப்பா. அம்மா சோப்பு கம்பெனிக்கு வேலைக்குப் போவுது. அக்காவும் போவுது. அக்காவுக்குக் கையெல்லாம் தோல் உரிஞ்சிபோச்சி. நீ வந்துட்டா அவங்க போவத் தேவயில்ல.”

அப்பா குரங்கைப் பார்த்தபடியே கேட்டார். “அக்கா லீவுக்குப் போவுதா?”

“இல்லப்பா, பள்ளிக்கூடம் நின்னுடுச்சி.”

“எத்தினி நாளா?”

“பொங்கலுக்கு முன்னாடியே.”

குரங்கு தலையைச் சாய்த்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டுப் போக வந்தவர் சொல்லாமலே திரும்பி நடந்தார். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அம்மாவின் பேச்சை மீறியதற்காகக் கோபம் என்று நினைத்துக்கொண்டு கோட்டு நுனியை விடாமல் ஓடினேன். ரயிலடியில் யாருக்கோ போன் செய்தார். பிரெஞ்சில் பேசினார். எதிரே ஆள் நிற்பதுபோலத் தலையைத் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டேன்.

“ஏர்போர்ட்டுக்கு. நேரமாவுது” என்றார்.

நான் ஓடிப்போய் என் சட்டைகளைப் பையில் அடுக்கி, ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பா குனிந்து பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு தனியாகப் படியிறங்கினார். விமானம் ஏற வருகிறவர்கள் விட்டுப்போகும் தள்ளுவண்டிகளைச் சேர்த்து வரிசையில் நிறுத்தும் வேலையில் அன்று சேர்ந்தார்.