அண்ணாச்சி கட்டிய பிரம்புக் கால்கள்

சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கு அஞ்சலி செலுத்துகிறோம் என்று சொல்லி, அவர் கட்டிய பிரம்புக் கால்களை அறுத்தெறிந்துவிட்டு நம் கழகத்தின் ரேடியோவில் பறக்கும் சின்ன ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார்கள். கால்கள் பார்க்க அழகாக இல்லையாம். ஹெலிகாப்டர் கவிழ்ந்து இறக்கை உடைந்தது. இதுதான் நடந்த அநியாயம். இதைக் கழகத்தில் எல்லோரும் துரதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். சவர பிளேடு வைத்து அறுத்தது எப்படித் துரதிர்ஷ்டம் ஆகும்?

அண்ணாச்சியின் நினைவு மலரில் நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் மிஸ்திரி என்று கேட்டார்கள். ரேடியோ ரிப்பேர் செய்கிறவனிடம் கேட்டால் பழுதைத்தான் முதலில் சொல்வான். என்னைக் கேட்டது அவர்கள் தப்பு.

செய்தி வந்தபோது நான் ஹேவ்லாக் தீவில் இருந்தேன். ஒரு கடைக்காரரின் ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தேன். படகு வந்து நின்றதும் அதை ஓட்டும் செராங் என்னைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்தார். "மிஸ்திரி, தும்ஹாரா அண்ணாச்சி குஜர் கயா" என்றார். உன் அண்ணாச்சி போய்விட்டார் என்று அவ்வளவுதான். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனவர் திரும்பி வரவில்லை. படகு மறுநாள் காலையில்தான் கிளம்பும். படகுத்துறையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், பலகையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். கடைக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேனா என்று நினைவில்லை. நான் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தபோது எரித்து முடித்திருந்தார்கள். நம் தீவில் சாவுக்குப் போவதென்றாலும் படகைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

துறைமுகச் சரக்குக் கொட்டகையில் அவர் ஹெட் கிளார்க். குரல் பெரிது. தன்னைப் பற்றி நன்றாகவே பேசிக்கொள்வார். அவரை அடக்கமானவர் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது அவர் மனைவி, எங்கள் மதினிக்கே சிரிப்பு வந்தது. நான் ராமநாதபுரத்துக்காரன், அவர் திருநெல்வேலிப் பக்கம். இங்கே இறங்கிய நாளிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே பழகியவர்கள் நாங்கள்.

அந்த ஹெலிகாப்டர் நமக்கு வந்த விதம் பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். மெயின்லாந்துக்கு மாற்றலாகிப் போன ஓர் இன்ஜினியர் அதைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வெளிநாட்டுச் சாமான். கையில் வைத்திருக்கும் பெட்டியின் குச்சிகளை அசைத்தால் ரேடியோ அலையைக் கேட்டு நடக்கும். விளக்கெண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடும். ஓடிய பிறகு வைத்தியசாலை மாதிரி வாசம் வரும். கொடுத்தவரே அதை ஒரு தடவைகூட ஒழுங்காக இறக்கியதில்லை. சொல்லிக்கொடுக்க இந்தத் தீவில் ஆளில்லை. புதிதாகப் பழகுகிறவன் கையில் அது நேராக இறங்காது, பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இறங்கும். அடியில் உள்ள சறுக்குக் கால் புல்லில் மாட்டும். மாட்டினால் கவிழும். கவிழ்ந்தால் சுழலும் இறக்கை தரையில் அடிக்கும். மரத்தால் செய்த இறக்கையில் ஒரு ஜோடியை அப்படித்தான் உடைத்தோம். மிச்சம் ஒரே ஒரு ஜோடி. அதுவும் போனால் கப்பலில் மெட்ராஸுக்கு எழுதி, மெட்ராஸ்காரர் வெளிநாட்டுக்கு எழுதி, அது நடக்கிற காரியமா? ஹெலிகாப்டர் பெட்டிக்குள் போய் அங்கேயே கிடக்கும்.

பழகுகிறவனுக்கு அகலமான கால் வேண்டும் என்று முதலில் சொன்னவர் அண்ணாச்சி. கவிழவிடாத கால். ஆனால் முதலில் அவர் செய்த காரியம் இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடியது. இரும்பாகக் கனக்கும் நம் தீவின் படாக் மரத்தில் செய்தார். நாற்காலியா, கட்டிலா, கதவா, சாமி மாடமா, நமக்கு எல்லாம் படாக். மர மில்லில் வேலை பார்க்கும் பிஸ்வாஸ்தான் சட்டம் அறுத்துக் கொடுத்தது. பெருக்கல் குறி மாதிரி இரண்டு சட்டங்களைப் பொருத்தி, வார்னிஷ் அடித்து, சிவக்கச் சிவக்கக் கொண்டுவந்தார். கனம் தாங்காது அண்ணாச்சி என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

"வே மிஸ்திரி, கவர்மெண்டு ஆபீசையே தாங்குத மரம் வே இது. இது தாங்காம வேற எது தாங்கும்?"

தாங்கியது. எழும்பத்தான் இல்லை. எஞ்சின் அலறியது, புல் எல்லாம் படுத்தது, ஹெலிகாப்டர் இருந்த இடத்தில் இருந்தது. பிஸ்வாஸ் குனிந்து பார்த்துவிட்டு, "பைட்னே தோ அண்ணாச்சி, குர்சி ஹை" என்றார். உட்காரட்டும், நாற்காலிதானே என்று. அண்ணாச்சி அவரோடு அன்று பேசவில்லை. அந்தப் படாக் சட்டங்கள் இப்போது அண்ணாச்சி வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கின்றன.

அடுத்த மாதம் சரக்குக் கணக்குக்காக அவரைக் கார் நிக்கோபாருக்கு அனுப்பினார்கள். கப்பலிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நேராக டெய்ரி ஃபார்ம் பகுதியில் உள்ள என் கடைக்கு வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நிக்கோபார்க்காரன் படகப் பாத்திருக்கீரா வே? ஒரு பக்கமாத் தள்ளி ஒரு கட்டை மெதக்குது. கட்டை கனமில்ல. தள்ளி நிக்கதுனாலதான் படகு சாயல. ஒரு ஆணி கெடையாது. பூரா பிரம்புக் கட்டு. அலை வந்தா கட்டு கொஞ்சம் குடுக்குது, பொறவு பழையபடி நிக்குது. நாம என்னடான்னா எருமைக்குக் காலு செஞ்சிட்டிருக்கோம்."

நாம் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். செய்தது அவர். இதை அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

புரோத்ராபூரில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து விரல் கனத்துப் பிரம்பு வாங்கினார். பச்சைப் பிரம்பு கனம், தொங்கிப் போகும். அதனால் தோல் சீவி, வெயில் படாமல் காயவைத்தார். கால் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று எங்களுக்குள் பெரிய விவாதம். அவர் வைத்த விதி எளிது: எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இறக்கை நுனி தரையைத் தொடுவதற்கு முன்னால் கால் தொட வேண்டும்; அதற்கு மேல் ஒரு விரல்கூட நீளம் வேண்டாம், நீளமெல்லாம் கனம். இதில் நான் குறுக்கே பேசவில்லை. அது சரி.

கால் நுனிக்கு என்ன வைப்பது? பிஸ்வாஸ் ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி மாட்டிப் பார்த்தார். கனமே இல்லை. ஆனால் ரப்பர் தரையைப் பிடித்துக்கொண்டது. பிடித்தால் பழைய கதைதான், கவிழும். கால் நுனி வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அண்ணாச்சி கடற்கரையில் நடக்க ஆரம்பித்தார். பர்மா பக்கத்து, தாய்லாந்து பக்கத்து வலைகளிலிருந்து அறுந்து வரும் மிதவைகள் நம் கரையில் ஒதுங்கும் அல்லவா, ஆரஞ்சுப் பழம் அளவில், உள்ளே காற்றுள்ள பிளாஸ்டிக் உருண்டைகள்? கனமும் இல்லை, வழுக்கவும் செய்யும். ஆனால் நான்கும் ஒரே அளவில் வேண்டும். கடல் அப்படி எண்ணிக் கொடுப்பதில்லை. லீவு நாளெல்லாம் நடந்தார். "கடக்கரையில என்னத்தத் தொலச்சாருன்னு ஊரே எங்கிட்ட கேக்குது" என்று மதினி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். நான்காவது கிடைத்த அன்று அதைச் சோப்புப் போட்டுக் கழுவி, பூஜை அலமாரியில் மற்ற மூன்றோடு வைத்திருந்தார்.

பிரம்புக் கால்களைச் சறுக்குக் காலோடு எதனால் கட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. நான் செப்புக் கம்பி என்றேன். கம்பி கட்டினால் கட்டியது கட்டியதுதான். அவர் சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டிக் கட்டினார். ஒருநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பிஸ்வாஸ் ஹெலிகாப்டரைத் தொப்பென்று போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பிரம்புக் கால் முழுக்கத் திருகி ஒரு பக்கமாகப் போய் நிற்கிறது, வேறெதுவும் உடையவில்லை. அண்ணாச்சி ஒரு கையால் அதைத் திருப்பி நேராக்கினார்.

"பாத்தீரா? ஒம்ம கம்பியா இருந்தா சறுக்குக் காலும் சேந்து போயிருக்கும். கட்டு வெலகணும் வே. வெலகத் தெரியாத கட்டு, ஒடைக்கத்தான் செய்யும்."

அதிர்ஷ்டம் என்றேன். அவர் குனிந்து அடுத்த முடிச்சைப் பார்க்கப் போனார்.

புதிதாக வருகிறவர்களை அவர் எழும்பவிடவே மாட்டார். கடல்காற்று கிளம்புமுன் காலையில் வரச் சொல்லி, தரையிலேயே அந்த நாலு உருண்டைமேல் நண்டு மாதிரி இங்கும் அங்கும் நழுவவிடுவார். "மொதல்ல நழுவப் படி. பறக்கதப் பொறவு பாப்போம்" என்பார். சிலர் அலுத்துப்போய் வராமல் நின்றார்கள். வந்தவர்களில் ஒருவர்கூட அந்தக் கடைசி ஜோடி இறக்கையை உடைக்கவில்லை. அவருக்கே நன்றாகப் பறக்கவிட வந்த பிறகும் கால்களைக் கழற்றவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஓர் அதிகாரி, இன்னும் நடைவண்டி எதற்கு என்று கேட்டபோது அண்ணாச்சி சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும்: "பறக்கதுக்குக் காலு வேண்டாம் சார். எறங்கதுக்குத்தான் வேணும். நமக்கு அடுத்த எறக்கை வார கப்பலு இன்னும் கட்டவே ஆரம்பிக்கல."

இனி அந்த அஞ்சலி நாள். செயலாளர் படித்தவர், சின்ன வயது, கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஹெலிகாப்டரை அதன் அசல் வடிவத்தில் பறக்கவிடுவதுதான் மரியாதை என்றார். இவ்வளவு நாள் நமக்கு நடைவண்டி தேவைப்பட்டது, இனி அவர் பெயரால் எழுந்து பறப்போம் என்று பேசினார், கைதட்டினார்கள். டியூப் முடிச்சு இறுகியிருந்ததால் அவிழ்க்கப் பொறுமையில்லாமல் பிளேடால் அறுத்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். காற்று எழும்பிவிட்டது, கால் இல்லாமல் ஏற்றாதே என்றேன். "சோடோ மிஸ்திரி, ஆஜ் ரஹ்னே தோ" என்று பிஸ்வாஸே என் தோளைப் பிடித்து ஒதுக்கினார். இன்றைக்கு விடு என்று. அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை.

செயலாளர்தான் ஓட்டினார். ஆள் உயரம் எழும்பியது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு காற்று தள்ளியது, அவர் பயந்து இறக்கினார், அது நழுவிக்கொண்டே இறங்கியது, வலது சறுக்குக் கால் புல்லில் மாட்டியது. இறக்கையின் ஒரு துண்டு பறந்து வந்து முதல் வரிசையில் மதினியின் காலடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. எல்லோரும் ஹெலிகாப்டரைச் சுற்றி நிற்கையில் செயலாளரைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்:

"அந்தக் காலை எங்கய்யா வச்சிருக்கீங்க?"

கழகக் கொட்டகைக்குப் பின்னால் குப்பையில் கிடந்தது. நான் போய் எடுத்தேன். பிரம்பு மிதிபட்டு ஒடிந்திருந்தது. மூன்று மிதவைகள் இருந்தன, நான்காவதைக் காணோம். அறுபட்ட டியூப் நாடாவையும் எடுத்து வந்தேன். அந்த மூன்று மிதவையும் நாடாவும் என் கடை மேஜையில் இருக்கின்றன. அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவைதான். வேலை ஓடாதபோது ஒன்றை எடுத்து உருட்டுகிறேன். வேலை இப்போதெல்லாம் ஓடுவதில்லை.

கால் வைத்துப் பழக்கிவிட்டால் ஆள் கெட்டுப்போவான், இனிமேல் புதியவர்கள் கால் இல்லாமலே பழகட்டும் என்று சென்ற வாரம் கழகத்தில் பேச்சு வந்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செயலாளர் மதினி வீட்டுக்குப் போய், அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கூட்டமாகப் போக வேண்டாம், தனியாகப் போகட்டும். இறக்கை வேண்டும் என்று அந்த இன்ஜினியருக்கு அவரே தன் கையால் எழுதட்டும், எப்படி உடைந்தது என்பதையும் சேர்த்து. அது வரும்வரை சும்மா இராமல் பிஸ்வாஸ் மில்லில் ஒரு ஜோடி செதுக்கிப் பார்க்க வேண்டும். தயவுசெய்து படாக்கில் வேண்டாம். என் தோளைப் பிடித்ததற்கு அவருக்கு அந்த வேலையே போதும். கழகத்தார் எல்லோரும் லீவு நாளில் கடற்கரைக்குப் போய் நான்காவது மிதவையைத் தேட வேண்டும், மற்ற மூன்றின் அளவில். கிடைக்கும்வரை நடக்கட்டும், அவர் நடந்தார். புதியவன் எவனும் நழுவப் பழகாமல் எழும்பக் கூடாது. இதைக் கொட்டகைக் கதவில் எழுதி வைக்க வேண்டியது தலைவரின் வேலை. பிரம்பை நான் சீவிக் காயவைத்துவிட்டேன். கட்டுவதும் நான்தான், வேறு யாரும் கைவைக்க வேண்டாம். செப்புக் கம்பிதான் சரி என்று இன்றும் சொல்கிறேன். சைக்கிள் டியூபில்தான் கட்டுவேன்.