சர்க்கரைக்கு ஒரு பால்குடம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், செனாயில் டீக்கடைக்குப் போய் "தே" என்று கேட்டால் சர்க்கரையும் கெட்டிப் பாலும் கேட்காமலே வந்து சேரும். இரண்டும் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்" என்று கேட்க வேண்டும். பாலும் இல்லை, இனிப்பும் இல்லை, வெறும் சாயத் தண்ணீர் என்று அர்த்தம். நான் தொண்டைக்குள் முனகியதைப் பரிமாறுகிறவர் கடையின் மறுகோடி வரை கேட்கும்படி கூவுவார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பி முதலில் என் முகத்தையும் பிறகு என் தொப்பையையும் பார்ப்பார்கள். திண்டுக்கல்லில் சர்க்கரை வியாதியை ஒருவன் ஓரளவுக்காவது மறைத்து வைத்துக்கொள்ளலாம். ஜொகூரில் ஒரு டீ சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்.

எனக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை என்று சொன்ன டாக்டரம்மா இலங்கைத் தமிழ்க் குடும்பத்து வாரிசு. தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் திட்டி முடிப்பார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மூன்று மாசம் தாறன். எடை குறையவேணும். இல்லையெண்டால் இன்சுலின் ஊசி" என்றார். எந்த வழியில் குறைப்பது என்று கேட்டேன். உங்களால் விடாமல் செய்ய முடிகிற எதுவும் நல்ல வழிதான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். என்னைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் விடாமல் செய்த ஒரே காரியம் சாப்பிடுவதுதான்.

ஊசிக்கு நான் பயப்படவில்லை. பயமெல்லாம் காலுக்குத்தான். என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து முதலில் கட்டைவிரல் போயிற்று, பிறகு பாதம் போயிற்று. கடைசி இரண்டு வருடம் அவர் வீட்டு நடையைத் தாண்டவில்லை. புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றியது என் மனைவி சுமதி. மகன் நான் பக்கத்து அறையில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டாக்டரம்மா என் உள்ளங்காலில் மெல்லிய நூல் போன்ற ஒன்றால் குத்தி "தெரியுதா?" என்று கேட்டபோது எனக்கு அப்பாவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது.

செய்தி பரவியதும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஊரிலிருந்து மைத்துனன் குரல் செய்தியில் பேலியோ பாடம் நடத்தினான். வெண்ணெயும் முட்டையும் பாதாமும் தின்றால் இளைக்கலாம் என்றான். ஒரு வாரம் தின்றேன். வெண்ணெயும் முட்டையும் தீர்ந்தன, நான் அப்படியே இருந்தேன். அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் ஹலிமாவை எல்லோரும் 'கா' என்பார்கள், மலாயில் அக்கா. அந்தக் கா ஹலிமா பக்க வியாபாரமாக இளைக்க வைக்கும் காப்பித்தூள் விற்கிறார். அது பாயசம் மாதிரி இனித்தது. சரி, நடக்கலாம் என்று சாயங்காலம் இறங்கினால் இந்த ஊரில் நடக்கிறவனை யாரும் நம்புவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி பக்கத்தில் நின்றது. "வண்டி கெட்டுப்போச்சாண்ணே? ஏறுங்க, விட்டுடுறேன்." மறுத்தால் வருத்தப்பட்டார்கள். நடக்கப் போய் மூன்று நாளும் காரில் வீடு திரும்பினேன்.

இதெல்லாம் தீபாவளி சமயம். இங்கே தீபாவளி ஒரு நாளில் முடிவதில்லை. 'ஓப்பன் ஹவுஸ்' என்று வாரக்கணக்கில் ஆளாளுக்கு வீட்டைத் திறந்துவைத்து விருந்து போடுவார்கள். என்னோடு தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் சந்திரன் வீட்டுக்குப் போனேன். சந்திரன் செடெனாக் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன், இங்கே எனக்கு வாய்த்த தம்பி. அவன் மனைவி தேவி தட்டு நிறைய நெய் உருண்டையும் அதிரசமும் வைத்தாள். எனக்குச் சர்க்கரை என்றேன்.

"எனக்கும் இனிப்பு நீர்தாண்ணே" என்றார் சோபாவில் இருந்த ஒருவர். "எனக்கும்" என்றார் இன்னொருவர். "ஒண்ணு சாப்டா ஒண்ணும் ஆவாதுலா." இரண்டு பேர் கையிலும் அதிரசம் இருந்தது.

அப்போதுதான் என் வாயில் அந்த வார்த்தை வந்தது. "இல்லம்மா, நான் விரதம்."

எங்கள் பக்கம் இது பேச்சை முடித்துவைக்கும் வார்த்தை. என்ன விரதம், யாருக்கு என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த தட்டு வரும்போது விரதம் முடிந்திருந்தாலும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் சந்திரன் வீட்டில் சோபாக்காரர்கள் இருவரும் கையிலிருந்த அதிரசத்தைக் கீழே வைத்தார்கள். தேவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தைப்பூசத்துக்காண்ணே?" என்றான் சந்திரன். அவன் குரலே மாறியிருந்தது. தலையை ஆட்டிவைத்தேன். "காவடியா, பால்குடமா?" அலகு குத்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவசரமாகப் பால்குடம் என்றேன். அவன் மற்றவர்களிடம் திரும்பினான். "விரதம் ஆரம்பிக்கவே இன்னும் நாள் இருக்கு. இவங்க இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க. பழனிக்காரங்கன்னா சும்மாவா?"

நான் பழனிக்காரன் இல்லை. பழனிக்குப் பக்கத்துத் திண்டுக்கல்காரன். ஒவ்வொரு தையிலும் எங்கள் வாசல் வழியாகத்தான் பாதயாத்திரைக் கூட்டம் போகும். நான் மாடியில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. இதை ஊரில் இருக்கும் சுமதியிடம் போனில் சொன்னபோது சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. "நடந்து போறவங்களுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்திருப்பீங்களா நீங்க? கடல் தாண்டிப் போயி பால்குடமா?"

ஆனால் அன்றிலிருந்து என்னைச் சுற்றி ஒரு வேலி முளைத்தது. தொழிற்சாலை உணவகத்தில் கோழிப் பக்கம் நான் திரும்பினாலே யாராவது தொண்டையைக் கனைப்பார்கள். கா ஹலிமாவுக்கு அது புவாசா, அவர்கள் ரமலானில் இருக்கும் நோன்பு மாதிரி. அலுவலகத்தில் கேக் வெட்டும்போதெல்லாம் என் முன் நின்று, "டாக் போலே, டாக் போலே, இவருக்குப் புவாசா" என்று எனக்காக அவரே மறுத்துவிடுவார். டாக் போலே என்றால் கூடாது. தன் காப்பித்தூளையும் எனக்கு விற்க மறுத்தார். ஒரு வியாபாரி இதைவிடப் பெரிய தியாகம் செய்ய முடியாது. தேவி கீரையும் அவித்த பயறும் டப்பாவில் கொடுத்தனுப்பினாள். பட்டினி கிடந்தால் மாத்திரையோடு மயங்கி விழுவீர் என்று டாக்டரம்மா திட்டியதைச் சொன்னேன். "மருந்து சாப்புடுறவங்க நேரத்துக்குச் சாப்புடலாம்ணே, முருகன் கோச்சுக்க மாட்டாரு" என்று சந்திரன் அதற்கும் வழி செய்தான்.

விரதம் முறைப்படி தொடங்கியதும் பழக்கம் வேண்டுமென்று தினம் காலையில் தண்ணீர் நிறைத்த குடத்தை என் தலையில் ஏற்றி, எங்கள் தாமானைச் சுற்றி வரச் சொன்னான். இங்கே வீட்டு மனைக் குடியிருப்புக்குத் தாமான் என்று பேர். தலையில் குடத்தோடு போகிறவனுக்கு ஒருவரும் லிஃப்ட் கொடுக்கவில்லை. வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு சீனப் பெரியவர் தினமும் எனக்குக் கை காட்டத் தொடங்கினார். என் கால்சட்டைக்கு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. எப்போது என்று தெரியாது, ஒரு நாள் நடந்துகொண்டே நான் வாய்விட்டு முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேலியாகச் சொல்லவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் டாக்டரம்மா வெடித்தார். வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடப்பதா? சூடு பட்டாலும் கல் குத்தினாலும் உமக்குச் சரியாகத் தெரியாது, புண்ணானால் ஆறாது, கூடவே கூடாது. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சொன்னார். நான் சந்திரனிடம் போய் என் அப்பாவின் பாதத்தைப் பற்றி முதல்முறையாகச் சொன்னேன். இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் அவன் எங்கள் தொழிற்சாலையில் தூசியில்லா அறைக்குள் போடும் தடித்த வெள்ளைக் காலுறை இரண்டு ஜோடி கொண்டு வந்தான்.

"தோலு இல்லையே, துணிதானே. பூசாரிகிட்ட கேட்டுட்டேன். வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம்."

இருட்டு பிரியும் நேரத்தில் புறப்பட்டோம். மஞ்சள் வேட்டி, மஞ்சள் துண்டு, தலையில் பால்குடம், காலில் வெள்ளைக் காலுறை. பக்கத்தில் வந்த ஒரு சின்னப் பெண் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். சந்திரன் எனக்கு முன்னால் குனிந்தபடியே நடந்து கல்லையும் தேங்காய் ஓட்டையும் காலால் ஒதுக்கிக்கொண்டு போனான். மேளச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்தது. குடத்தைப் பிடித்திருந்ததால் துடைக்கக் கை இல்லை.

பாலை ஊற்றிவிட்டு வெளியே வந்ததும் சந்திரன் என்னைக் கோயில் படியில் உட்காரவைத்தான். அத்தனை பேர் பார்க்கத் தரையில் அமர்ந்து என் காலுறையைக் கழற்றி, பாதத்தைத் தன் மடியில் வைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் விரல் இடுக்கு வரை பார்த்தான். நான் காலை இழுத்தேன். "சும்மா இருங்கண்ணே" என்றான். "ஒண்ணும் இல்ல. அடுத்த வருஷமும் இப்படியே வந்துடலாம். மூணு வருஷம் எடுத்தாத்தான் நேர்த்தி முடியும்."

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது, எடையும்தான். ஊசி இப்போதைக்கு வேண்டாம், மாத்திரை போதும். என்ன வழி பின்பற்றினீர் என்று டாக்டரம்மா கேட்டார். விரதம் என்றேன். சொல்லாததும் இருந்தது. ஒரு ஊரே என்னைக் காவல் காத்தது என்பதை அவரிடம் எந்த மொழியில் சொல்வது?

சுமதியிடம் சொன்னபோது வீடியோவில் அவள் முகம் தெளிந்தது. "அடுத்த வருஷக் கடைசியோட ஒப்பந்தம் முடியுதுல்ல. உடம்போட வந்து சேருங்க, அது போதும்."

இரண்டாவது பால்குடம் அதற்குள் வந்துவிடும். மூன்றாவது, ஒப்பந்தம் முடிந்த பிறகு வருகிறது. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"ஏங்க, பழனி இங்க இருக்கு. அங்க எதுக்கு?"

"பழனி அங்க இருக்கு. என் காலைப் பார்க்குற ஆளு இங்கதானே இருக்கான்" என்றேன், படியில் நடந்ததைச் சொல்லி.

அவள் பின்னால் எங்கள் தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். பிறகு சொன்னாள்: "மாமாவுக்கு நான் பார்க்கலையா? உங்களுக்குப் பார்க்க மாட்டேனா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, காலைக் காட்டுங்க" என்றாள்.

செனாயில் என் வாடகை வீட்டுத் தரையில் உட்கார்ந்து, உள்ளங்காலைக் கைப்பேசிக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். திண்டுக்கல்லிலிருந்து அவள் குனிந்து குனிந்து பார்த்தாள். "வெளிச்சம் பத்தல. சன்னல் பக்கம் போங்க" என்றாள். தூக்கிய காலை இறக்காமல் ஒற்றைக் காலில் தத்தியபடி சன்னலுக்குப் போனேன். "இப்ப அந்தக் காலு" என்றாள்.