ஒண்ணு மிஞ்சும்

மகளின் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருவில் ரோடு போடக் காய்ச்சிய தார் வாசம் உள்ளே வர, தூத்துக்குடிக் கரையில் கவிழ்ந்து கிடந்த பழைய வள்ளமும், தார் பூசிய அதன் கறுத்த வயிற்றில் நானும் தோழி பிலோமினாவும் சாக்பீஸால் எழுதிய அடுக்குக் கணக்குகளும் நினைவுக்கு வந்தன. பின்னத்தில் மேலே மூன்று ஐந்துகள், கீழே மூன்று ஐந்துகள். சோடி சோடியாக அடித்துவிட்டு நான் பூஜ்யம் எழுதுவேன். அவள் அதை உள்ளங்கையால் அழிப்பாள்.

“ஏளா, எல்லாத்தையும் அடிச்சாலும் ஒண்ணு மிஞ்சும்.”

பிறகு வள்ளத்தை விறகுக்கு உடைத்தார்கள், கரையில் மதில் எழுந்தது, பிலோமினா கல்யாணமாகிப் போன ஊர்கூட எனக்குத் தெரியாது.

அதே மாதிரிக் கணக்குக்கு மகளும் பூஜ்யம்தான் எழுதியிருந்தாள். “எல்லாம் போயிருச்சேம்மா, அப்புறம் என்ன மிஞ்சும்?”

பேனா எழுத்து அழியாது என்று தெரிந்தும், உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.