ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூட்டு. எதையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டாள். எட்டு வருடமாக அங்கே டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. மேலாளர் முதலாளியின் மச்சான். அவளைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

வியாழக்கிழமை காலை, குப்பையை நீக்குகிறேன் பேர்வழி என்று மேலாளர் நோயாளிகள் பட்டியலையே அழித்துத் தொலைத்தார். முடிவுகள் வேறொரு பட்டியலில் பத்திரமாக இருந்தன. ஆனால் அதில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்று சொல்ல வேண்டியது அழிந்த பட்டியல். அதற்கு ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப் நகல் ஒன்றுதான் மிச்சம். இடத்தை அடைக்கிறது, வாரம் ஒன்று போதும் என்று உத்தரவு போட்டவரும் அவரே.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலை ஏற்றிப் பன்னிரண்டு மணிக்குள் ஓட்டச் சொன்னார். அவள் முடியாது என்றாள். இரண்டு முறை பதிவானவர்களைத் திங்கட்கிழமை ஒன்றாக்கி, மிஞ்சிய எண்களைப் புதியவர்களுக்குக் கொடுக்க வைத்தது யார்? இப்போது ஏற்றினால் புதியவர்களின் முடிவு பழையவர்கள் தலையில் விழும். இரண்டு பட்டியலையும் ஞாயிற்றுக்கிழமை நிலைக்கே கொண்டுபோய், அதற்குப் பிந்தையதை ரத்தம் எடுத்தபோது எழுதிய காகிதச் சீட்டு பார்த்துப் பதிய வேண்டும். சாயங்காலம் ஆகும்.

"நீ பூட்டு இல்லம்மா, பூட்டுல பிடிச்ச துரு," என்றார் மேலாளர். முடிவு வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பட்டியல் பொருந்தலன்னு தடுக்குற அந்தச் சரிபார்ப்ப அணைச்சுட்டு ஏத்து. இல்ல, பையத் தூக்கிட்டுக் கிளம்பு."

அவள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "இப்படி ஏத்தச் சொன்னது நீங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."

அவர் பேனாவைத் தொடவில்லை. முதலாளிக்குப் போன் போட்டார்.

முதலாளி வருவதற்குள் அவள் மூலையில் கிடந்த பழைய கணினியில் மேலாளர் சொன்னபடியே ஏற்றி, ஒரே ஒரு தாளை அச்செடுத்து வைத்தாள். வந்தவர் வாங்கிப் படித்தார். ஆண். வயது எழுபத்திரண்டு. கர்ப்பப் பரிசோதனை: உறுதி.

முதலாளி சிரிக்கவில்லை. "இப்படியே ஏத்தினா இவர் பேர்ல யாரோட ரத்தப் பிரிவு போகும்?" என்று மட்டும் கேட்டார். சீட்டு பார்த்தே பதியச் சொல்லிவிட்டுப் போனார்.

இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். ஒவ்வொன்றையும் பதிந்து, திரும்பவும் ஒத்துப் பார்த்து முடிக்கும்போது மணி ஆறு. ஒரு பெயர்கூட இடம் மாறவில்லை.

நன்றியா? கிளம்பும்போது மேலாளர் அவள் மேசையில் ஒரு மெமோவை வீசிவிட்டுப் போனார்: வேலையைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் தரவும்.

அக்காவோடு இருக்கும் வீட்டுக்கு வந்ததும் அவள் முகம்கூடக் கழுவவில்லை. உட்கார்ந்து ஒரே வரியில் பதில் எழுதினாள்: விளக்கம் இணைக்கப்பட்டுள்ளது. பிறகு பையிலிருந்து அந்த எழுபத்திரண்டு வயதுக்காரரின் தாளை எடுத்துப் பின்னால் வைத்தாள்.

"அக்கா," என்று உள்ளே பார்த்துக் கேட்டாள், "ஸ்டேப்ளர்ல பின் இருக்கா? நல்லா அழுத்தமா ரெண்டு அடிக்கணும்."