வெட்டாத நாற்பது விநாடி

மரியகொறற்றியை எனக்கு இருபத்துமூன்று வருடமாகத் தெரியும். நோர்வேயில், அம்மருட்டில் ஒரே மாடிக் கட்டடம்; வேலையும் முதியோர் இல்லத்தில் ஒரே சமையலறையில். மன்னார்க்காரி, அவள் கதைத்தால் நாலு கதவு தாண்டிக் கேட்கும். கத்தோலிக்கக் கோயிலில் பழகிய கானா நாட்டுக்காரர் லூக்காஸைக் கட்டப்போகிறேன் என்று அவள் சொன்னபோது எங்கள் சனம் வாயில் போட்டு மென்றது. இவள் அசையவில்லை. மென்ற வாய்களையெல்லாம் கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்!

மகள் யூலியாவுக்குத் தகப்பனின் முடி, அடர்ந்த குறுஞ்சுருள். கொறற்றிக்குத் தெரிந்ததோ எங்கள் முறைதான்: தேங்காயெண்ணெய் வை, காய்ந்த தலையில் பல் நெருங்கிய சீப்பைப் போட்டு இழு, இரட்டைப் பின்னலை இறுக்கிக் கட்டு. அந்த முடிக்கு அது சித்திரவதை. பிள்ளை கத்தும், இவளும் கத்துவாள். லூக்காஸைக் கேட்டால் கையை விரிப்பார். மொட்டைத் தலை மனுசனுக்கு என்ன தெரியும்?

எட்டு வயதில், கோயிலில் அப்பம் வாங்கி முதல் நன்மை எடுத்த நாளோடு பிள்ளை தாயைத் தலையில் தொட விடவில்லை. கொறற்றி ட்வெய்ட்டாவில் எமிலியா என்ற அங்கோலாக்காரியின் சலூனுக்குப் போனாள். எமிலியா முதலில் அவளுடைய சீப்பைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். முடியை ஈரமாக்கி, கிறீம் பூசி, அகலப் பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுக்கக் கற்றுக்கொடுத்தாள். ஒரு வருடம், சனிக்கிழமை தவறாமல் கொறற்றி அங்கே போய்க் கூட்டித் துடைத்து, பார்த்துப் பழகினாள். பிறகுதான் பிள்ளை திரும்பவும் அவள் முன்னால் வந்து குந்தினாள்.

போன வருடம், பத்தொன்பது வயதில், யூலியா தன் முடியைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடப் படமொன்று எடுத்தாள். கறுப்பின மக்களின் முடியைப் பற்றிய வேறு மூன்று படங்களோடு அதை நூலகத்தில் காட்டுவதாக இருந்தது. அதற்கு இரண்டு கிழமை முன்னால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தாயிடம் வந்தாள். நானும் அங்கே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நன்மைக் காலையில் லூக்காஸ் எடுத்த பழைய வீடியோ ஓடியது. வெள்ளைச் சட்டையில் எட்டு வயது யூலியா அழுகிறாள். கொறற்றியின் குரல் கேட்கிறது: "இந்தப் பரட்டையோடை போனால் சனம் என்ன சொல்லும்? எங்கடை பிள்ளையள் மாதிரி இரு பாப்பம்!"

நாற்பது விநாடி.

"அம்மா, இதை வெட்டட்டோ? கோயில் ஆக்களும் வருவினம்," என்றாள் யூலியா.

கொறற்றிக்கு முந்தி நான் வாயைத் திறந்தேன். "வெட்டு பிள்ளை! இல்லையெண்டால் கொம்மாவின்ரை மானம் கப்பலேறிப்போம்."

கொறற்றி இன்னொருமுறை போடச் சொல்லிப் பார்த்தாள். கண் கலங்கியது. "வெட்டாதை. வெட்டினால் நீ ஏன் இந்தப் படம் எடுத்தனி எண்டு ஒருத்தருக்கும் விளங்காது."

"உனக்கென்ன விசரா?" என்று கத்தினேன்.

"விசரில்லை கமலாக்கா. பயமாத்தான் கிடக்கு," என்றாள்.

நூலகம் நிறைந்திருந்தது. எங்கள் கோயில் சனம் மட்டும் இரண்டு வரிசை. அந்தக் காட்சி வந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஐயோ, இது கொறற்றியெல்லோ!" கொறற்றி என் கையைப் பிடித்திருந்தாள்.

படம் முடிந்ததும் ஆபிரிக்கப் பெண்ணொருத்தி எழுந்து, அந்த அம்மாவை மன்னித்துவிட்டாயா என்று யூலியாவைக் கேட்டாள். யூலியா பதில் சொல்லுமுன் கொறற்றி எழும்பிவிட்டாள். நோர்வேஜிய மொழியில் சொன்னாள். பிறகு எங்கள் வரிசைகளைத் திரும்பிப் பார்த்துத் தமிழிலும் சொன்னாள்.

"அது நான்தான். என்ரை பிள்ளையின்ரை முடியிலை ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் வாரத் தெரியேல்லை. உங்களுக்குப் பயந்து பிள்ளையை அழ வைச்சனான்."

யூலியா ஒலிவாங்கியோடு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். நெற்றியிலிருந்து பிடரிவரை வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய பின்னல்கள், ஒன்றுகூடப் பிசகவில்லை.

"காலமையிலையிருந்து ஆறு மணித்தியாலம்," என்றாள். "அம்மா பின்னினவ."

கைதட்டலில் நூலகம் அதிர்ந்தது. வெட்டச் சொன்ன நான்தான் முதலில் எழுந்து தட்டினேன். பின்வரிசையைத் திரும்பிப் பார்த்து, என் தொண்டை கிழியக் கத்தினேன்:

"ஓம், கொறற்றிதான்! எங்கடை கொறற்றி!"